மேடைக்கு முன் காவல் நிலையம்

சினிமாவுக்கு சென்சார் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். படம் தொடங்குமுன் அந்தச் சான்றிதழ் திரையில் வந்து நிற்கிறது. நாடகத்துக்கும் ஒரு தணிக்கை இருந்தது, அதைச் செய்தவர்கள் போலீஸ்காரர்கள், அது வெள்ளைக்காரன் காலத்தோடு முடியாமல் 2013 வரை தமிழ்நாட்டில் சட்டமாகவே இருந்தது என்று சொன்னால், இப்போது மேடையேறும் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். நான் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மதுரைப் பக்கம் ஓர் அமெச்சூர் குழுவில் பல வருடம் நடித்தவன். எங்கள் நாடகங்களை ஜனங்கள் பார்ப்பதற்கு முன்பே படித்து முடித்திருந்தவர் ஒரு காவல் நிலையத்து ரைட்டர். அதனால் இந்தச் சட்டத்தின் கதை எனக்குச் சொந்தக் கதை மாதிரிதான்.

அது கல்கத்தாவில் பிறந்தது. 1875 டிசம்பரில் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர், அந்த நகரத்துக்கு வந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரைத் தன் பவானிப்பூர் வீட்டுக்கு அழைத்து, அந்தப்புரத்துப் பெண்களை விட்டு வரவேற்கச் செய்தார். அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருந்த பெண்களைத் துரை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே என்று ஊர் கொதித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர்காரர்கள் 1876 பிப்ரவரியில் அதை 'கஜதானந்தனும் யுவராஜனும்' என்று கேலி நாடகமாகப் போட்டார்கள். போலீஸ் தடுத்தது. 'அனுமான் சரித்திரம்' என்று பெயரை மாற்றி அதையே திரும்பப் போட்டார்கள். அதற்கும் தடை வந்ததும் போலீசையே மேடையேற்றினார்கள். அன்றைய போலீஸ் கமிஷனரின் பெயர் ஹாக், சூப்பிரண்டின் பெயர் லாம்ப். பன்றியும் ஆடுமாக அவர்கள் இருவரும் நாடகத் தலைப்பிலேயே வந்துவிட்டார்கள்.

வைஸ்ராய் நார்த்புரூக் பிப்ரவரி 29ஆம் தேதி அவசரச் சட்டம் போட்டார். சில நாளில் அதே தியேட்டரில் போலீஸ் புகுந்து உபேந்திரநாத் தாஸ், அம்ரிதலால் பாசு முதலியவர்களைக் கைது செய்தது. இந்தத் தடவை சொன்ன குற்றம் வேறொரு நாடகத்தில் ஆபாசம் என்பது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் அந்த வருட டிசம்பரிலேயே நாடக நிகழ்ச்சிகள் சட்டம், 1876இன் 19ஆம் எண் சட்டம், நிறைவேறிவிட்டது. இளவரசரும் வக்கீலும் மறந்துபோனார்கள். சட்டம் 140 வருடங்களுக்கு மேல் உயிரோடு இருந்தது.

அந்தச் சட்டத்தை நான் முழுதாகப் படித்திருக்கிறேன். சின்னச் சட்டம்தான். அவதூறானது, அரசின்மேல் வெறுப்பை உண்டாக்கக் கூடியது, பார்க்க வந்தவர்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கக் கூடியது என்று அரசு நினைத்தால் நாடகத்தைத் தடுக்கலாம். நினைத்தால் போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. தடையை மீறி நடிப்பவனுக்கு மூன்று மாதம் வரை சிறை. கொட்டகைக்காரனுக்கும் அதே தண்டனை. தடை இருப்பது தெரிந்தும் போய் உட்கார்ந்து பார்த்தவனுக்கும் அதே தண்டனை. நாடகம் பார்ப்பதையே குற்றமாக எழுதிவைத்த அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் உறுத்தியது. ஒரே ஒரு விலக்கு கொடுத்திருந்தார்கள். மதத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்ரா போன்ற கூத்துகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கோவில் திருவிழாவில் யார் என்ன அரசியல் பேசிவிடப் போகிறார்கள் என்று எண்ணியிருப்பார்கள்.

எங்கள் பக்கத்துத் திருவிழா மேடைகளைப் பார்த்திருந்தால் அப்படி எண்ணியிருக்க மாட்டார்கள். ஸ்பெஷல் நாடகம் என்பது இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிகிற வரை நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம், அதற்கு நடுவில் வருகிற பேச்செல்லாம் அந்தந்த நேரத்தில் பிறப்பது. பபூன் என்ன பேசப் போகிறார் என்று பபூனுக்கே தெரியாது. எழுத்தில் இல்லாத நாடகத்துக்கு எந்தப் பிரதியைப் போலீஸ் கேட்கும்?

விசுவநாத தாஸ் அந்த மேடையில் நின்றவர். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் குடியிருந்தவர், மருத்துவர் சமூகத்துக்காரர். அவர் முருகனாக வேடம் கட்டி வந்தால் வள்ளி திருமணத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு ஜனம் போகும் என்று என் தாத்தா சொல்வார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டு அவர் குரலில்தான் ஊர் ஊராகப் பரவியது. வள்ளி தினைப்புனம் காக்கிற கதையில் பறவை வருவது இயல்பு. அந்தப் பறவை வெள்ளைக் கொக்காக இருந்து, அது எங்கிருந்தோ பறந்து வந்து நம் விளைச்சலைத் தின்கிறது என்று பாடினால், மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிற குடியானவனுக்கு யாரும் பொழிப்புரை சொல்ல வேண்டியதில்லை. முன்னால் பென்சிலோடு உட்கார்ந்திருந்த போலீசுக்கும் புரிந்தது. தாஸ் திரும்பத் திரும்பக் கைதானார், சிறைக்குப் போனார், வெளியே வந்து அதே பாட்டைப் பாடினார். 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மயில்மேல் அமர்ந்திருந்தபோதே மேடையில் உயிர் போயிற்று. சு. தியடோர் பாஸ்கரன் இந்தக் கலைஞர்களையெல்லாம் தேடி ஆவணப்படுத்தியிருக்காவிட்டால் தாத்தா சொன்னதைத் தவிர எனக்கு வேறு சாட்சி இருந்திருக்காது.

எழுத்தில் இருந்த நாடகங்களுக்குத்தான் பெரிய சங்கடம். கிருஷ்ணசாமிப் பாவலர் 'கதரின் வெற்றி' எழுதிப் புராணம் பேசிய மேடையில் ராட்டையைக் கொண்டுவந்து வைத்தார். வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' தடைக்கு ஆளானது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதை 'தேசபக்தி' என்ற பெயரில் 1931இல் அரங்கேற்றினார்கள். கல்கத்தாவில் 'அனுமான் சரித்திரம்' போட்டவர்களைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, பெயரை மாற்றிப் போடுகிற அதே வித்தையை இங்கேயும் கையாண்டார்கள்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1950 ஜனவரி 26ஆம் தேதி அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பத்தொன்பதாம் பிரிவில் பேச்சுரிமை ஏறியது. அதற்குப் பிந்திய சில மாதங்களில் சென்னை மாகாணத்தில் நடந்ததைப் பள்ளிப் புத்தகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். மார்ச் முதல் தேதி, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 26ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பதஞ்சலி சாஸ்திரி எழுதிய அந்தத் தீர்ப்பு, பொது அமைதி என்ற பொத்தாம்பொதுவான காரணத்தைச் சொல்லிப் பத்திரிகையைத் தடுக்க அரசமைப்பு இடம் தரவில்லை என்றது. குடியரசு பிறந்து நான்கே மாதம். எவ்வளவு பெரிய வெற்றி!

ஒரே வருடத்தில் அந்த வெற்றியின் அடியில் இருந்த தரையையே மாற்றிவிட்டார்கள். 1951 ஜூனில் நேரு அரசு முதல் அரசமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்து, பேச்சுரிமைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளில் பொது ஒழுங்கையும் குற்றத்துக்குத் தூண்டுவதையும் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே திருத்தத்தில்தான் வந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் சாஸ்திரி அடைத்த வாசல் திறந்துகொண்டது. நேரு பத்திரிகை சுதந்திரத்தை மனதார நேசித்தவர் என்றே நான் நம்புகிறேன். நேசித்தவர் கையாலேயே அது நடந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நம் ஊரில் 1950ஆம் வருடத்திலேயே 'ஆரிய மாயை' எழுதியதற்காக அண்ணாவும், 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் தண்டிக்கப்பட்டார்கள். திருவிதாங்கூர்-கொச்சியில் தோப்பில் பாசியின் 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டு ஆக்கினீர்கள்' நாடகத்தை 1953இல் தடுக்க அங்கிருந்த அதிகாரிகள் எடுத்தது கல்கத்தாவில் எழுதிய அதே 1876ஆம் வருடச் சட்டத்தைத்தான். நடிகர்கள் தடையை மீறி நடித்துக் கைதானார்கள்.

சென்னையில் பழைய சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டமே எழுதினார்கள். 1954ஆம் வருடம், காமராஜர் முதலமைச்சர். எம்.ஆர். ராதா 'இராமாயணம்' நாடகத்தை ஊர் ஊராக நடத்திக்கொண்டிருந்தார். திருவாரூர் தங்கராசு எழுதியது. இராமனைக் குடிகாரனாகவும் சூழ்ச்சிக்காரனாகவும் காட்டுகிற நாடகம். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று நோட்டீசிலேயே அச்சடித்தார் என்று பழைய நாடகக்காரர்கள் சொல்வார்கள். ராதாவை மனத்தில் வைத்துத்தான் அந்தச் சட்டம் வந்தது என்பதும் அவர்கள் வாக்கு. ஆட்சேபகரமான நாடகம் எது என்பதற்கு நீளமான விளக்கம் எழுதினார்கள். வன்முறையைத் தூண்டுவது, ராணுவத்தினரின் மனத்தைக் கலைப்பது, மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது, ஆபாசம். அரசு தடுக்கலாம், கலெக்டர் தற்காலிகமாகத் தடுக்கலாம், நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கலாம்.

என் பாட்டி தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதியவர். கோடு போட்ட நோட்டுகளை எழுதி எழுதி நிரப்பி, அயோத்திக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். ராதாவின் நாடகம் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் பாட்டி அழுதிருப்பார். அந்த அழுகையை நான் லேசாக நினைக்கவில்லை. எனக்கும் அந்த நாடகம் பிடித்திருக்காது. ஆனால் பாட்டி எந்தக் காலத்திலும் ராதாவின் கொட்டகைக்குப் போயிருக்க மாட்டார், யாரும் அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. பாட்டியின் பெயரைச் சொல்லி எழுதிய சட்டம் பாட்டியை ஒருநாளும் காப்பாற்றவில்லை. அது முப்பது வருடம் கழித்து, இராமாயணத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத காலத்தில், கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றி நாங்கள் போட்ட நாடகத்தின்மேல் வந்து விழுந்தது.

எண்பதுகளில் எங்கள் குழுவில் இருந்தவர்கள் இரண்டு வங்கிக் குமாஸ்தா, ஒரு ரேடியோ மெக்கானிக், நான், எங்களுக்கெல்லாம் எழுதித் தந்த ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். அவரை நாங்கள் சார் என்போம். சார் கையால் எழுதியதைக் கோர்ட்டு வாசலில் இருக்கிற டைப்பிஸ்டிடம் கொடுத்து, கார்பன் வைத்து அடித்து வாங்குவோம். முதல் பிரதி பிராம்ப்டருக்கு. தெளிவாக இருக்கிற இரண்டாவது பிரதி காவல் நிலையத்துக்கு. நடிகர்கள் கையில் கிடைத்தது மங்கிப்போன கடைசிப் படிகள். பிரதியோடு கதைச் சுருக்கம், நடிக்கிறவர்களின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், வேலை எல்லாம் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் கேட்கலாம் என்று சட்டத்தில் இருந்தது, எங்கள் பக்கத்து நடைமுறையில் எல்லாரும் எப்போதும் கொடுத்தாக வேண்டும் என்று ஆகியிருந்தது. சபாக்காரர்களும் கல்யாண மண்டபத்துக்காரர்களும் போலீஸ் முத்திரை விழுந்த கடிதத்தைப் பார்த்தால்தான் சாவியை எடுப்பார்கள்.

அந்த ரைட்டர் நல்ல மனிதர். நைட் டூட்டியில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் படித்துவிடுவார். சில இடங்கள் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டக்கூடச் செய்வார். கண்மாய் நாடகத்தைச் சிவப்புப் பேனாவால் நிறைய வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். மந்திரி என்ற சொல் வந்த இடமெல்லாம் வட்டம். தாலுகா ஆபீஸ் என்ற சொல்லுக்கும் வட்டம்.

"தம்பி, இந்த மந்திரின்னு வர்ற எடமெல்லாம் ராஜான்னு மாத்திக்கங்க. ராஜாவுக்காக எவனும் வந்து எங்கிட்ட கேக்க மாட்டான்."

"அய்யா, கண்மாய்ல பிளாட்டுப் போடுறது ராஜா இல்லையே?"

"எனக்குத் தெரியாதா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா மெமோ எனக்குத்தான் வரும். உங்களுக்கா வரும்?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவருக்கு மேலே இன்ஸ்பெக்டர், அவருக்கு மேலே டி.எஸ்.பி., அதற்கும் மேலே எங்கேயோ ஒருவர். அவர்களில் ஒருவர்கூட எங்கள் நாடகத்தைத் தடுக்கச் சொல்லவில்லை, ஒருவருக்கும் அப்படி ஒரு நாடகம் இருப்பதே தெரியாது. பயம் மேலிருந்து உத்தரவாக வரவில்லை. கீழேயே ஊறிக் கிடந்தது. நாங்கள் மந்திரியை ராஜா ஆக்கினோம். கண்மாயை ஆக்கிரமித்த ராஜா கிரீடத்தோடு வந்து மேடையில் நின்றார். யாரைச் சொல்கிறோம் என்று ஜனங்களுக்குப் புரியவேயில்லை, பழைய சரித்திர நாடகம் என்று நினைத்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். விசுவநாத தாஸின் கொக்கு எல்லாருக்கும் புரிந்தது, எங்கள் ராஜா யாருக்கும் புரியவில்லை. கொக்கைத் தேர்ந்தெடுத்தவர் கவிஞர். ராஜாவைத் தேர்ந்தெடுத்தது காவல் நிலையம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் அடுத்த வருடங்களில் நடந்தது. சாரின் பிரதியில் சிவப்பு வட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. ரைட்டருக்குச் சந்தோஷம். சார் எழுதும்போதே ரைட்டரை எதிரில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு எழுதப் பழகிவிட்டார். ஒரு வட்டம்கூட இல்லாத பிரதி ஒன்று திரும்பி வந்த அன்றைக்கு, சார் அதை மேசையில் வைத்துவிட்டு, இனி எழுதவில்லை என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர் எழுதாமல் விட்ட நாடகங்களை எந்தத் தடைப் பட்டியலிலும் தேடி எடுக்க முடியாது. தணிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை புத்தகம் தடையானது, எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்று எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியதுதான். என் கண்ணால் பார்த்த அழிவு அந்தக் கணக்கில் வராது.

இத்தனைக்கும் 1956இலேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் 1876ஆம் வருடச் சட்டத்தின் தண்டனைப் பிரிவு அரசமைப்புக்கு விரோதம் என்று சொல்லியிருந்தது. லக்னோவில் இப்டா நாடகக் குழுவினர் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நாடகமாகப் போட அனுமதி வாங்கியிருந்தார்கள். ஒரு சிறுவன் பெருநாள் சந்தையில் கையில் இருந்த காசுக்குப் பொம்மை வாங்காமல், பாட்டி அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாதே என்று இடுக்கி வாங்கி வருகிற கதை. கொடுத்த அனுமதியை ரத்து செய்து, மீறி நடித்தார்கள் என்று வழக்குப் போட்டார்கள். அந்தக் கதையிலிருந்து அரசுக்கு என்ன ஆபத்து வந்திருக்கும் என்று நான் இன்றும் யோசிக்கிறேன். மகாராஷ்டிரத்தில் விஜய் டெண்டுல்கரின் 'சகாராம் பைண்டர்' எழுபதுகளில் தணிக்கைக் குழுவோடு மோதி, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றது. மற்ற ஊர்களில் நாடகக்காரர்கள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கார்பன் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

தமிழ்நாட்டில் இது நடந்ததுதான் மனத்தைக் குடைகிறது. 1967இல் ஆட்சிக்கு வந்தவர் அண்ணா. 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம் எழுதியவர், மேடையில் வேடம் கட்டியவர், எழுத்துக்காகத் தண்டனை பெற்றவர். அவருக்குப் பின் கலைஞர். ராதாவுக்குத் 'தூக்குமேடை' எழுதித் தந்து, தானும் நடித்தவர். அடுத்து எம்.ஜி.ஆர். பாய்ஸ் கம்பெனியில் வயிற்றுக்காகச் சேர்ந்து நாடகத்தில் வளர்ந்தவர். உலகத்தில் வேறெந்த மாநிலத்தையாவது இத்தனை நாடகக்காரர்கள் தொடர்ச்சியாக ஆண்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. 1954ஆம் வருடச் சட்டத்தை எதிர்த்த இயக்கத்திலிருந்து வந்தவர்கள் இவர்கள். ஒரு பக்கச் சட்ட முன்வரைவு போதும், அதை நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது விலங்காகத் தெரிகிற சட்டம், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மேசை இழுப்பறையில் கிடக்கட்டுமே, என்றைக்காவது உதவும் என்று தெரிகிறது போலும். அண்ணாவை நான் உயிராய் மதிக்கிறவன். அதனால்தான் இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

கடைசியில் அதை உடைத்தது ஒரு பத்திரிகையாளர். ஞாநி என்று எல்லோரும் அறிந்த சங்கரன். 1978இல் பரீக்ஷா என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, சபா நாடகமும் சினிமா பாணியும் வேண்டாம் என்று பிடிவாதமாகத் தனி வழியில் நாடகம் போட்டவர். போலீசிடம் பிரதி கொடுக்கிற வழக்கத்தை அவர் ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் 1954ஆம் வருடச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று செல்லாததாக்கியது. எங்களுக்குச் சார் இருந்த மாதிரி ஊர் ஊராக எத்தனை சார்கள் இருந்தார்களோ, அத்தனை பேருக்கும் பிந்தி வந்த தீர்ப்பு அது. கல்கத்தாவின் மூலச் சட்டத்தை நாடாளுமன்றம் 2018 ஜனவரியில், வேண்டாத பழைய சட்டங்களின் கட்டோடு கட்டாகச் சேர்த்து நீக்கியது. அதே ஜனவரியில் ஞாநி காலமானார்.

சட்டம் போய்விட்டது, கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் நாமக்கல்லைச் சொல்வேன். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010இல். நாலு வருடம் கழித்து, 2014 கடைசியில், அதை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் போராட்டம். எந்த நீதிமன்றமும் புத்தகத்தைத் தடை செய்யவில்லை. 2015 ஜனவரி 12ஆம் தேதி அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சில் அவரை வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அதையடுத்து எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அதைப் படித்தபோது எனக்குச் சார் ஞாபகம்தான் வந்தது. அங்கே சிவப்புப் பேனா இல்லை, ஒரு மேசையைச் சுற்றி நாற்காலிகள் இருந்தன. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, எழுத்தாளர் எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் மறுபடி எழுதினார். அவ்வளவு பெயர் பெற்றவர் என்பதால் வழக்கு நடந்தது, நாடு பேசியது. தாலுகா ஊரில் கவிதை எழுதுகிற ஒரு பெண்ணை அப்படி ஒரு மேசைக்கு அழைத்தால் யாருக்குத் தெரியும்?

இதற்கு உச்ச நீதிமன்றம் 1989இலேயே வழி சொல்லியிருக்கிறது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில். 'ஒரே ஒரு கிராமத்திலே' இட ஒதுக்கீட்டைக் குறை சொல்கிற படம். அதன் கருத்து எனக்கு உடன்பாடில்லை. படம் ஓடினால் கலவரம் வரும் என்று மாநில அரசு சொன்னது. கலவரம் செய்வேன் என்று மிரட்டுகிறவர்களுக்காகப் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது, கலவரத்தைத் தடுப்பதுதான் அரசின் வேலை என்று நீதிமன்றம் சொன்னது. நான் வெறுக்கிற படத்துக்காகச் சொன்ன தீர்ப்பு என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை இன்னும் கூடுதல்.

என் அக்கா பேத்தி இப்போது ஒரு வீதி நாடகக் குழுவில் இருக்கிறாள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்களைக் கொல்வதைப் பற்றி ஒரு நாடகம் தயாரித்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் திடலில் நடத்த அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்குப் போனபோது, கதைச் சுருக்கமும் வசனமும் வேண்டும் என்றார்களாம். பிள்ளை 2013ஆம் வருடத் தீர்ப்பின் நகலைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"எடத்துக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்டு வந்திருக்கோம் சார். கதைக்கு இல்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

அதிகாரி யாருக்கோ போன் போட்டுப் பேசினார், தீர்ப்பைப் புரட்டினார், மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் திடலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நேரம் குறித்து அனுமதிக் கடிதம் வந்தது. வசனத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நாடகம் பாதியில் இருக்கும்போது நாலைந்து பேர் எழுந்து சத்தம் போட்டார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சத்தம் போட்டவர்களிடம் போய், நாடகம் முடியட்டும், பிறகு பேசுங்கள் என்று உட்கார வைத்தார். முடிந்ததும் அவர்கள் பிள்ளைகளிடம் வந்து சண்டைக்கு நிற்க, இவர்களும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்ல, யாருடைய கையும் நீளாமல் ஏட்டு நடுவில் நின்று பார்த்துக்கொண்டார். அந்த வாக்குவாதம் ஓய்ந்து பிள்ளைகள் மூட்டை கட்டிக் கிளம்பக் கடைசி பஸ் போய்விட்டதாம்.